பட்டறைப் பக்கம்: தகடு கனம்தான்... ஆனால், இன்ஜினின் மானம் அதில்! ஹெட் கேஸ்கட் தேர்வும் பொருத்தமும்

இன்ஜினுக்குள் கண்ணுக்கே தெரியாத இடத்தில் உட்கார்ந்திருக்கும் பொருள் அது. தனியாகக் கடையில் விலை கேட்டால் பெரிய தொகை சொல்ல மாட்டார்கள். ஆனால், அது போய்விட்டால் வரும் பில்லைப் பார்த்தால் தலை சுற்றும். பொருளுக்கு ஆகும் காசு கொஞ்சம்தான். அதை எடுத்து மாற்ற இன்ஜினின் மேல்பாதியையே கழற்ற வேண்டும் என்பதுதான் செலவை இழுத்துவிடுகிறது. அதன் பெயர் ஹெட் கேஸ்கட்.

கார் ஓட்டுபவர்களில் பெரும்பாலானோர் இந்தப் பெயரை முதன்முதலில் கேட்பதே மெக்கானிக் வாயிலிருந்துதான். "சார், ஹெட் கேஸ்கட் போயிருச்சு" என்று அவர் சொல்லும்போதே, பின்னால் ஒரு பெரிய எஸ்டிமேட் வருகிறது என்று புரிந்துவிடும். சாதாரணக் காருக்கே இந்தக் கதி என்றால், டர்போ பொருத்தி, பவரை ஏற்றி, டிராக்கில் ஓட்டுகிற இன்ஜின்களுக்கு? அங்கே இந்தத் தகடு ஒன்றுதான் லட்சக்கணக்கில் செலவு செய்த இன்ஜினுக்கும் பழைய இரும்புக்கும் நடுவே நிற்கிறது.

சரியான கேஸ்கட்டை எப்படித் தேர்ந்தெடுப்பது, எப்படிப் பொருத்துவது, நல்ல கேஸ்கட் போட்டும் ஏன் சில இன்ஜின்களில் திரும்பத் திரும்பப் போகிறது? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

ஒரே தகடு... மூன்று வேலை!

இன்ஜினின் கீழ்ப்பகுதி பிளாக். பிஸ்டன்கள் மேலும் கீழும் ஓடும் சிலிண்டர்கள் அதில்தான் இருக்கின்றன. மேல்பகுதி சிலிண்டர் ஹெட். வால்வுகளும் ஸ்பார்க் பிளக்குகளும் அதில் இருக்கும். இரண்டையும் போல்ட் போட்டு இறுக்கும்போது நடுவில் வைக்கப்படும் தகடுதான் ஹெட் கேஸ்கட்.

இது மூன்று பேரை ஒரே வீட்டில், ஒருவரை ஒருவர் பார்க்காமல் குடிவைக்கிற வேலையைச் செய்கிறது. சிலிண்டருக்குள் எரியும் வாயு வெளியே வரக்கூடாது. பிளாக்கிலிருந்து ஹெட்டுக்குப் போகும் கூலன்ட் வழிதவறக்கூடாது. அழுத்தத்தோடு மேலே ஏறும் ஆயில் கூலன்ட்டோடு கலந்துவிடக்கூடாது. எரியும் வாயுவின் வெப்பம் 2,000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அதிலிருந்து சில மில்லிமீட்டர் தள்ளி ஓடும் கூலன்ட்டோ 90 டிகிரியை ஒட்டி இருக்கும். இந்த இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரு தகடு கனம் மட்டும்தான்.

நான்கு டன் கணக்கு

கார் டயரில் அடிக்கும் காற்றின் அழுத்தம் சுமார் 2.2 பார். டர்போ இல்லாத ஒரு பெட்ரோல் இன்ஜினில், எரிபொருள் வெடிக்கும் நொடியில் சிலிண்டருக்குள் உருவாகும் உச்ச அழுத்தம் 60 முதல் 80 பார் வரை போகும். டர்போ வைத்து பவரை ஏற்றினால் 100 பாரைத் தாண்டிவிடும்.

சிலிண்டரின் விட்டம் 80 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், அதன் பரப்பு சுமார் 50 சதுர சென்டிமீட்டர். 80 பார் அழுத்தத்தில் அந்த ஒரு சிலிண்டர் மட்டும் ஹெட்டை மேல்நோக்கித் தள்ளும் விசை, நான்கு டன் எடையைத் தூக்குவதற்குச் சமம். 100 பார் என்றால் ஐந்து டன். இன்ஜின் 6,000 ஆர்.பி.எம்-ல் சுற்றும்போது, ஒவ்வொரு சிலிண்டரிலும் நொடிக்கு 50 முறை இந்தத் தள்ளல் நடக்கிறது.

ஆக, ஹெட் என்பது பிளாக்கின் மேல் அசையாமல் படுத்திருக்கும் பொருள் அல்ல. கண்ணுக்குத் தெரியாத அளவில் அது ஒவ்வொரு வெடிப்புக்கும் மூச்சு விடுகிறது. அந்த அசைவோடு சேர்ந்து அசைந்து, இடைவெளி விழாமல் அடைத்துக்கொண்டே இருப்பதுதான் கேஸ்கட்டின் திறமை.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. பல பெர்ஃபாமன்ஸ் இன்ஜின்களில் பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். டொயோட்டா சூப்ராவின் 2ஜே.இசட்., நிஸான் ஸ்கைலைன் ஜி.டி.ஆரின் ஆர்.பி.26 இரண்டுமே இந்த வகைதான். சூடானால் அலுமினியம் இரும்பைப்போல் இரண்டு மடங்கு விரியும். 40 செ.மீ. நீளமுள்ள ஹெட், 80 டிகிரி சூடேறும்போது பிளாக்கைவிட சுமார் 0.4 மி.மீ. கூடுதலாக நீள முயலும். ஒவ்வொரு முறை ஸ்டார்ட் செய்து சூடாகும்போதும், அணைத்துக் குளிரும்போதும் இரண்டு உலோகமும் கேஸ்கட்டை எதிரெதிர்ப் பக்கம் தேய்க்கின்றன.

ரோவர் கே சீரீஸ்: ஒரு கேஸ்கட் கெடுத்த பெயர்

இந்தத் தகடு ஓர் இன்ஜினின் பெயரையே எப்படிக் கெடுக்கும் என்பதற்கு இங்கிலாந்தின் ரோவர் கே சீரீஸ் இன்ஜினைவிடச் சிறந்த உதாரணம் கிடையாது.

1980-களின் கடைசியில் வந்தபோது அது ஒரு புதுமையான இன்ஜின். முழுக்க அலுமினியம், எடை மிகக் குறைவு. ஹெட், பிளாக், அடியில் இருக்கும் பேரிங் சட்டம் எல்லாவற்றையும் சாண்ட்விச் மாதிரி அடுக்கி, மேலிருந்து கீழ்வரை போகும் பத்து நீளமான போல்ட்டுகளால் இறுக்கியிருந்தார்கள். முதலில் வந்த சிறிய இன்ஜின்களில் பெரிய புகார் எழவில்லை.

பிறகு அதே அளவு பிளாக்குக்குள் 1.8 லிட்டர் கொள்ளளவைக் கொண்டுவந்தார்கள். 75 மி.மீ. இருந்த சிலிண்டர் விட்டம் 80 மி.மீ. ஆனது. பிஸ்டன் ஓடும் தூரம் 89.3 மி.மீ. ஆனது. 1995-ல் எம்.ஜி.எஃப். ஸ்போர்ட்ஸ் காரிலும், 1996-ல் லோட்டஸ் எலீஸிலும், அதற்கடுத்து லேண்ட் ரோவர் ஃப்ரீலேண்டரிலும் இந்த இன்ஜின் ஏறியது. அதன்பிறகுதான் "கே சீரீஸா? ஹெட் கேஸ்கட் போகுமே!" என்ற பேச்சு பரவ ஆரம்பித்தது. எடை கூடிய ஃப்ரீலேண்டரில் புகார்கள் அதிகம்.

காரணம் ஒன்றல்ல, பல.

இந்த இன்ஜினில் சிலிண்டர் லைனர்கள் தனியாக உள்ளே இறக்கப்பட்டவை. அவை பிளாக்கின் மேல்தளத்தைவிட ஒரு துளி உயர்ந்து நிற்க வேண்டும். அந்த உயரம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அந்தத் துளி உயரம்தான் லைனரைச் சுற்றி கேஸ்கட்டை நன்றாக அழுத்திப் பிடிக்கும். அந்த உயரம் குறைந்தாலோ, லைனருக்கு லைனர் மாறினாலோ பிடி தளர்ந்துவிடும்.

பழைய கேஸ்கட்டில் கூலன்ட் வழிகளைச் சுற்றி ரப்பர் போன்ற பொருளில் கோடு வரைந்திருந்தார்கள். ஹெட்டை இடத்தில் நிறுத்தும் டவல் எனும் ஊசிகள் பிளாஸ்டிக்கில் இருந்தன. சூடாகிக் குளிரும்போது ஹெட் லேசாக நகர, அந்த ரப்பர் கோடுகள் பிய்ந்தன. மொத்தக் கூலன்ட்டின் அளவும் குறைவு. எனவே, எங்கேயாவது சிறு கசிவு இருந்து ஒரு லிட்டர் குறைந்தாலும் இன்ஜின் சீக்கிரம் சூடாகிவிடும். தெர்மோஸ்டாட் இருந்த இடத்தின் காரணமாக, சூடான இன்ஜினுக்குள் ரேடியேட்டரின் குளிர்ந்த கூலன்ட் திடீரென்று பாயவும் வாய்ப்பிருந்தது.

தீர்வும் ஒன்றாக வரவில்லை. பிளாஸ்டிக் டவல்கள் ஸ்டீலுக்கு மாறின. பிறகு, பல அடுக்கு ஸ்டீல் கேஸ்கட் வந்தது. ஹெட்டின் அலுமினியம் அமுங்காமலிருக்க மெல்லிய ஷிம் தகடு கூடச் சேர்ந்தது. போல்ட்டுகள் போய் மாட்டும் அடிச்சட்டமும் உறுதியானது.

எம்.ஜி. ரோவர் நிறுவனம் 2005 ஏப்ரலில் திவாலாகி, லாங்பிரிட்ஜ் ஆலையை நம்பியிருந்த சுமார் 6,000 பேர் வேலை இழந்தார்கள். அந்த வீழ்ச்சிக்கு ஆயிரம் காரணங்கள். கேஸ்கட்தான் கம்பெனியை மூடியது என்று சொல்ல முடியாது. ஆனால், காரை வாங்க நினைத்தவர்கள் மனதில் விழுந்த சந்தேகத்துக்கு இந்தத் தகடும் ஒரு காரணம்.

கதையில் ஒரு திருப்பமும் உண்டு. இதே 1.8 லிட்டர் கே சீரீஸ் இன்ஜினை ட்யூன் செய்து, கேட்டர்ஹாம் நிறுவனம் தன் ஆர்500 காரில் 230 ஹெச்.பி. எடுத்தது. எலீஸில் இருந்தது 118 ஹெச்.பி.தான். அதாவது, இன்ஜினின் அடிப்படையில் பலம் இருந்தது. அளவு, பொருத்தம், கூலிங் ஆகியவற்றில் இருந்த சின்னச் சின்னக் குறைகள் ஒன்றுசேர்ந்த இடம்தான் கேஸ்கட்.

எந்த வகை யாருக்கு?

இன்று கிடைக்கும் ஹெட் கேஸ்கட்டுகளைப் பெரும்பாலும் மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

காம்போசிட்: நடுவில் ஸ்டீல் தகடு, இரண்டு பக்கமும் கிராஃபைட் அல்லது நார்ப்பொருள், சிலிண்டர் ஓட்டையைச் சுற்றி உலோக வளையம். ஒரு காலத்தில் இதில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. இது மென்மையானது. ஹெட்டின் தளம் கொஞ்சம் சொரசொரப்பாக இருந்தாலும் அனுசரித்துப் போகும். பழைய இன்ஜின்களுக்கும், பவரை ஏற்றாத இன்ஜின்களுக்கும் போதும். அழுத்தம் ஏற ஏற இது தாங்காது.

எம்.எல்.எஸ். எனும் பல அடுக்கு ஸ்டீல்: மூன்று முதல் ஐந்து வரை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடுகளை அடுக்கியது. சிலிண்டரைச் சுற்றித் தகட்டில் மேடு தட்டியிருப்பார்கள். அந்த மேடு ஸ்பிரிங் மாதிரி வேலை செய்யும். ஹெட் மேலே அசைந்தால் இதுவும் கூடவே எழும்பி அடைக்கும். வெளித்தகடுகளில் மெல்லிய ரப்பர் பூச்சு இருக்கும். இன்றைய புது கார்களிலும், தெருவிலும் டிராக்கிலும் ஓடும் பெர்ஃபாமன்ஸ் இன்ஜின்களிலும் பரவலாக இருப்பது இதுதான். ஒரே நிபந்தனை... தளம் கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும்.

செம்பு: ஒரே தகடாக வெட்டிய செம்பு. சிலிண்டரைச் சுற்றிப் பிளாக்கிலோ ஹெட்டிலோ சிறு பள்ளம் வெட்டி, அதில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி வளையத்தை அடித்து இறக்குவார்கள். இறுக்கும்போது அந்தக் கம்பி செம்புக்குள் கடித்துக்கொள்ளும். மிகமிக அதிக அழுத்தத்தைத் தாங்கும். ஆனால், செம்புக்கு ஸ்பிரிங் குணம் கிடையாது. கூலன்ட்டையும் ஆயிலையும் அடைப்பதில் அது கெட்டி கிடையாது. எனவே, அந்த வழிகளைச் சுற்றித் தனியாகப் பசை போட வேண்டும். டாப் ஃபியூல் டிராக் ரேஸ் கார்களில் செம்பு கேஸ்கட்தான். ஆனால், அந்த இன்ஜின் பிளாக்குகளில் கூலன்ட்டே கிடையாது. ஒரு ஓட்டம் சில நொடிகளில் முடிந்துவிடும். ஓட்டத்துக்கு ஓட்டம் இன்ஜினையே பிரித்துவிடுவார்கள்.

"ரேஸ் கார்ல செம்புதான் போடுறாங்களாமே அண்ணே, நமக்கும் அதையே போட்டுடலாமா?" என்று கேட்டு வரும் தம்பிகள் உண்டு. தினமும் ஆபீஸ் போய்விட்டு, மாதம் ஒருமுறை டிராக்குக்குப் போகும் காருக்குச் செம்பு போட்டால், பார்க்கிங்கில் தினமும் கூலன்ட் சொட்டுகிறதா என்று குனிந்து பார்க்க வேண்டியிருக்கும். அந்தக் காருக்கு நல்ல எம்.எல்.எஸ்.தான் சரி.

ஒரே குடும்ப இன்ஜினிலேயே தயாரிப்பாளர்கள் வேறு வேறு கேஸ்கட் போட்டதும் உண்டு. சுபாருவின் 2.5 லிட்டர் இஜே25 இன்ஜினில், டர்போ இல்லாத பதிப்புகளில் வந்த ஒற்றை அடுக்கு கேஸ்கட் கசிவுக்குப் பெயர் வாங்கியது. டர்போ பதிப்புக்கு வந்த பல அடுக்கு ஸ்டீல் கேஸ்கட்டையே வாங்கி இதிலும் போடுவது மெக்கானிக்குகளிடையே வழக்கமானது.

தடிமன்: கூட்டினால் என்ன, குறைத்தால் என்ன?

பெர்ஃபாமன்ஸ் கேஸ்கட்டுகள் பல தடிமன்களில் கிடைக்கும். இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள்.

கேஸ்கட் தடித்தால் பிஸ்டனுக்கு மேலே இருக்கும் இடம் பெரிதாகும், கம்ப்ரஷன் குறையும். கே சீரீஸ் 1.8 இன்ஜினையே எடுத்துக்கொள்ளலாம். ஒரு சிலிண்டரின் கொள்ளளவு சுமார் 449 சி.சி. கம்ப்ரஷன் விகிதம் 10.5 என்றால், பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மிஞ்சும் இடம் 47 சி.சி-க்குக் கொஞ்சம் அதிகம். கேஸ்கட்டை அரை மில்லிமீட்டர் தடிமனாக்கினால் அதோடு 2.5 சி.சி. கூடும். கம்ப்ரஷன் 10.0-க்கு இறங்கிவிடும்.

டர்போ போடப்போகிறவருக்கு இது ஆசை காட்டும். "பிஸ்டனை மாற்றாமல், தடித்த கேஸ்கட் போட்டே கம்ப்ரஷனைக் குறைத்துவிடலாமே!" என்று தோன்றும். ஆனால், பிஸ்டன் உச்சிக்கு வரும்போது அதன் ஓரத்துக்கும் ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளிக்கு ஒரு வேலை இருக்கிறது. பல இன்ஜின்களில் அது ஒரு மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். அந்தக் குறுகிய இடத்திலிருந்து பிதுங்கி வரும் கலவைதான் உள்ளே நன்றாகக் கலக்கி, சீராக எரியவைக்கிறது. இடைவெளி கூடினால் அந்தக் கலக்கல் குறைந்து, நாக்கிங் வரும் வாய்ப்பு கூடும். கம்ப்ரஷனைக் குறைத்து எதைத் தவிர்க்க நினைத்தாரோ, அதையே இன்னொரு வழியில் கூப்பிட்டது போலாகிவிடும்.

மிகவும் மெல்லியது போட்டால்? பிஸ்டன் ஹெட்டில் தட்டும், அல்லது வால்வு பிஸ்டனில் இடிக்கும் ஆபத்து. தடிமனை முடிவு செய்யும் முன் இந்த இடைவெளிகளை அளந்து பார்ப்பது கட்டாயம். ஹெட்டை எத்தனை முறை ஃபேஸிங் செய்திருக்கிறார்கள் என்பதும் இந்தக் கணக்கில் சேர வேண்டும்.

ஓட்டையின் அளவும் முக்கியம். கேஸ்கட்டின் ஓட்டை சிலிண்டரைவிடச் சற்றுப் பெரிதாக இருக்க வேண்டும். சிலிண்டரை போர் செய்து பெரிதாக்கிவிட்டு, பழைய அளவு கேஸ்கட்டையே போட்டால், அதன் விளிம்பு உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும். அது பழுத்துச் சிவந்து, ஸ்பார்க் வருவதற்கு முன்பே கலவையைப் பற்றவைத்துவிடும்.

தளம் சரியில்லையென்றால் எதுவும் சரியில்லை

கேஸ்கட்டின் வெற்றி பாதிக்கு மேல் லேத் பட்டறையிலேயே முடிவாகிவிடுகிறது.

எம்.எல்.எஸ். கேஸ்கட்டுக்குத் தளத்தின் சொரசொரப்பு பொதுவாக 1.25 மைக்ரானுக்குள் இருக்க வேண்டும். இன்னும் கடுமையாக 0.75 மைக்ரான் கேட்கும் தயாரிப்பாளர்களும் உண்டு. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. காம்போசிட் கேஸ்கட்டுக்குப் போதுமானதாக இருந்த ஃபேஸிங், எம்.எல்.எஸ்-க்குப் போதாது. நகத்தால் தேய்த்துப் பார்த்து "வழவழனு இருக்கு சார்" என்று சொல்வதை நம்பி முடிவெடுக்க முடியாது. அதை அளக்கக் கருவி இருக்கிறது.

அடுத்தது வளைவு. நேர்ச்சட்டத்தை ஹெட்டின் மேல் நீளவாட்டிலும் குறுக்காகவும் வைத்து, அடியில் ஃபில்லர் கேஜை நுழைத்துப் பார்ப்பார்கள். 0.05 மி.மீ. தகடு நுழைந்தாலே பல இன்ஜின்களில் யோசிக்க வேண்டும். ஹெட்டை மட்டும் பார்த்தால் போதாது, பிளாக்கின் மேல்தளத்தையும் பார்க்க வேண்டும். ஓவர்ஹீட் ஆன இன்ஜினில் அலுமினிய ஹெட் இளகிப்போய், கேஸ்கட்டின் வளையம் பதிந்து தடம் விழுந்திருக்கும். அதன் மேல் எவ்வளவு விலை உயர்ந்த கேஸ்கட்டை வைத்தாலும் நிற்காது.

பழைய கேஸ்கட்டைச் சுரண்டும்போது ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. சீக்கிரம் முடிய வேண்டுமென்று கிரைண்டரில் தேய்ப்பு டிஸ்க்கை மாட்டித் தேய்த்துவிடுவார்கள். அலுமினியத்தில் ஆங்காங்கே பள்ளம் விழும். அதைவிட மோசம், டிஸ்க்கிலிருந்து உதிரும் பொடி ஆயில் வழிகளில் இறங்கி, கிராங்க் பேரிங்குகளை அரித்துவிடும். கேஸ்கட் மாற்றிய சில நாள்களில் பேரிங் போவது இப்படித்தான். கேஸ்கட் ரிமூவர் திரவம், பிளாஸ்டிக் சுரண்டி, பொறுமை... இந்த மூன்றும் போதும்.

இறுக்கம் ஒரு கலை அல்ல, கணக்கு!

"கை அனுபவத்துலயே இறுக்கிடுவேன்" என்று சொல்லும் மெக்கானிக்கிடம் ஹெட் வேலையைக் கொடுக்காதீர்கள்.

டார்க் ரெஞ்சால் போல்ட்டைத் திருப்பும் பலத்தில் சுமார் 90 சதவிகிதம் உராய்வுக்கே போய்விடும். மிச்சமுள்ள பத்து சதவிகிதம்தான் போல்ட்டை இழுத்து ஹெட்டைப் பிடிக்கிறது. மரையில் துரு இருந்தாலோ, சொல்லப்பட்ட ஆயில் போடாவிட்டாலோ, ரெஞ்ச் சரியான எண்ணைக் காட்டும். ஆனால், உள்ளே பிடி பாதிதான் இருக்கும். அதனால்தான் இன்றைய இன்ஜின்களில் முதலில் குறைந்த இறுக்கம், பிறகு இத்தனை டிகிரி திருப்பு என்று கோணக் கணக்கு தருகிறார்கள். அந்த முறையில் போல்ட் நிரந்தரமாகவே சற்று நீண்டுவிடும். அத்தகைய போல்ட்டுகளைத் திரும்பப் பயன்படுத்தலாமா, கூடாதா என்பதைத் தயாரிப்பாளர் கையேடுதான் சொல்ல வேண்டும். சந்தேகம் இருந்தால் புதியது போடுவதே சேமிப்பு.

எப்போதும் நடுவிலிருந்து ஆரம்பித்து ஓரத்தை நோக்கி, படிப்படியாக இறுக்க வேண்டும். போல்ட் குழிகளில் கூலன்ட்டோ ஆயிலோ தேங்கியிருக்கக்கூடாது. திரவம் அமுங்காது. போல்ட் இறங்க இறங்க அது குழியைப் பிளந்து, பிளாக்கிலேயே விரிசல் விழவைத்துவிடும்.

பவரை நன்றாக ஏற்றும் இன்ஜின்களில் போல்ட்டுக்குப் பதில் ஸ்டட் போடுவார்கள். ஸ்டட் முன்பே பிளாக்கில் மாட்டியிருக்கும், மேலே நட்டை மட்டும் இறுக்கினால் போதும். போல்ட் மாதிரி முறுக்குப்படாமல் நேராக இழுபடுவதால் பிடி சீராக இருக்கும். ஆனால், அதிகப் பிடி சிலிண்டரின் வட்டத்தையே லேசாகக் கோணலாக்கும். ஸ்டட் போடப்போவதென்றால், போர் வேலை செய்யும்போதே டார்க் பிளேட் எனும் கனத்த தகட்டை ஹெட்டைப்போல் இறுக்கி வைத்துக்கொண்டு ஹோனிங் செய்யச் சொல்லுங்கள்.

பசை போடலாமா?

பல பட்டறைகளில் 'அனபாண்ட்' என்றே கேட்டு வாங்கும் சிலிக்கான் பசையை, கேஸ்கட் முழுக்கப் பூசிவிட்டால் இன்னும் பலம் என்ற எண்ணம் இருக்கிறது. எம்.எல்.எஸ். கேஸ்கட்டில் ஏற்கெனவே பூச்சு இருக்கிறது. அதன்மேல் சிலிக்கான் பூசினால் அது வழுக்கும், தடிமன் சீராக இருக்காது. பிதுங்கிய துணுக்குகள் கூலன்ட் வழியையோ ஆயில் வழியையோ அடைக்கும். கேஸ்கட் தயாரிப்பாளர் சொல்லாதவரை அது வறண்ட நிலையிலேயே உட்கார வேண்டும்.

விதிவிலக்கு சில இடங்களில் உண்டு. டைமிங் கவரும் பிளாக்கும் ஹெட்டும் சந்திக்கும் மூலையில், கையேடு சொன்னால் பட்டாணி அளவு சிலிக்கான் வைக்கலாம். செம்பு கேஸ்கட்டுக்கு அதற்கென்றே உள்ள ஸ்பிரே அடிக்கலாம். கூலன்ட் குழிக்குள் திறக்கும் போல்ட் ஓட்டைகளில் மரைக்குப் பசை போடலாம். மற்ற இடங்களில் சுத்தமான தளம்தான் சிறந்த பசை.

பலமான கேஸ்கட் போட்டும் போகிறதே, ஏன்?

பெர்ஃபாமன்ஸ் இன்ஜின்களில் கேஸ்கட்டின் முதல் எதிரி நாக்கிங். கலவை சீராக எரியாமல் மூலையில் தானாக வெடிக்கும்போது அழுத்தம் சுத்தியல் அடி மாதிரி பாயும். கணக்குப் போட்டு வைத்த நான்கு டன், ஐந்து டன் எல்லாம் அங்கே செல்லாது. ட்யூனிங் தவறு, தரம் குறைந்த பெட்ரோல், அளவுக்கு மீறிய டர்போ அழுத்தம், உள்ளே போகும் காற்றின் சூடு... இவைதான் காரணங்கள்.

வீட்டு மின்பலகையில் ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று கனத்த கம்பியைச் சுற்றினால் என்ன ஆகும்? அடுத்து எரிவது வயரிங். இதுவும் அப்படித்தான். நாக்கிங்கைச் சரிசெய்யாமல் அசைக்க முடியாத கேஸ்கட்டைப் போட்டால், அடுத்து உடைவது பிஸ்டன். அதனால், கழற்றிய பழைய கேஸ்கட்டைக் குப்பையில் போடும் முன் பாருங்கள். இரண்டு சிலிண்டர்களுக்கு நடுவே எரிந்திருக்கிறதா, கூலன்ட் ஓட்டையைச் சுற்றி அரித்திருக்கிறதா, ஒரு மூலையில் மட்டும் பிடி தளர்ந்த தடம் இருக்கிறதா? இன்ஜினுக்கு என்ன நோய் என்று அந்தத் தகடு சொல்லிவிடும்.

வீட்டிலேயே கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

ரேஸ் கார் இல்லாதவர்களுக்கும் இது பொருந்தும்.

* வெளியே எங்கும் சொட்டாமலே கூலன்ட் அடிக்கடி குறைவது.
* இன்ஜின் சூடான பிறகும் சைலன்ஸரில் விடாமல் வெள்ளைப் புகை, அதில் லேசான இனிப்பு வாசனை.
* ஆயில் மூடியின் அடியில் பால் காபி நிறத்தில் பிசுபிசுப்பு. குறைந்த தூரமே ஓடும் கார்களில் வெறும் ஈரப்பதத்தாலும் இது வரலாம். எனவே, இதை மட்டும் வைத்து முடிவுக்கு வரக்கூடாது.
* இரவெல்லாம் நின்று குளிர்ந்த காரிலும் ரேடியேட்டர் ஹோஸ் விறைப்பாக இருப்பது.
* பக்கத்துப் பக்கத்து சிலிண்டர்கள் இரண்டில் மட்டும் கம்ப்ரஷன் குறைவது.

இவற்றில் ஏதாவது இருந்தால், உடனே ஹெட்டைக் கழற்றச் சொல்லாதீர்கள். ரேடியேட்டர் வாயில் வைத்துப் பார்க்கும் ஒரு திரவச் சோதனை இருக்கிறது. எரிந்த வாயு கூலன்ட்டில் கலந்திருந்தால் நீல நிறத் திரவம் மஞ்சளாக மாறும். அதையும் லீக் டவுன் சோதனையையும் முதலில் கேளுங்கள். கே சீரீஸிலேயே, இன்டேக் மேனிஃபோல்டு கேஸ்கட் கசிந்து கூலன்ட் குறைந்ததற்கு ஹெட் கேஸ்கட்மேல் பழி விழுந்தது உண்டு.

வெப்பமானியின் முள் ஏறினால் "வீடு பக்கம்தானே" என்று ஓட்டாதீர்கள். ஓரமாக நிறுத்தி அணைத்துவிடுங்கள். மூடியை உடனே திறக்கவே கூடாது. அழுத்தத்தில் இருக்கும் கூலன்ட் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்த நொடியில் கொதித்து முகத்தில் அடிக்கும். சூடான இன்ஜினில் பச்சைத் தண்ணீரை ஊற்றுவதும் ஹெட்டைக் கோணலாக்கும் வேலைதான். போர்வெல் தண்ணீரை ஊற்றிக்கொண்டே ஓட்டினால் உப்பு படிந்து வழிகள் அடைபடும், அலுமினியம் அரிக்கும். கையேடு சொல்லும் கூலன்ட்டைச் சொல்லும் அளவில் கலந்து ஊற்றுங்கள். மாற்றிய பிறகு உள்ளே காற்று தங்காமல் வெளியேற்றுவதும் அவசியம்.

பட்டறையில் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

1. கேஸ்கட் போனதற்குக் காரணம் என்ன? கழற்றிய கேஸ்கட்டைக் காட்ட முடியுமா?
2. ஹெட், பிளாக் இரண்டின் தளத்தையும் அளந்தீர்களா? எவ்வளவு வந்தது?
3. போடப்போகும் கேஸ்கட்டின் தடிமன் என்ன? கம்ப்ரஷனும் பிஸ்டன் இடைவெளியும் எவ்வளவு மாறும்?
4. போல்ட் புதிதா, பழையதா? இறுக்கும் அளவும் வரிசையும் எந்தக் கையேட்டிலிருந்து?
5. ரேடியேட்டர், தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப் மூன்றையும் சோதித்தீர்களா?

நல்ல மெக்கானிக் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். "உட்காருங்க சார், காட்டுறேன்" என்று பழைய தகட்டை எடுத்து வந்து விரலால் தொட்டுக் காட்டுவார். முதல் கேள்விக்கே பதில் சொல்லாமல் "புதுசு போட்டா சரியாயிடும்" என்பவரிடம் மட்டும் அவசரப்பட்டுச் சாவியைக் கொடுக்காதீர்கள். காரணம் தெரியாமல் போட்ட கேஸ்கட்டுக்கு அதே பில் இன்னொரு முறை வரும்.